இரண்டு கிலோ நெல்

பழனிக்குத் தென்மேற்கே 12 கிலோமீட்டரில், மலையின் காலடியில் இருக்கிறது பொருந்தல். சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுதான் என்பார்கள். 2009-ல் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் இங்கே அகழாய்வு நடந்தது. திறந்த ஈமக்குழிகளில் ஒன்றில் நான்கு கால் வைத்த ஜாடி ஒன்று கிடைத்தது. ஜாடிக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல். அதே குழியில் பானை வைக்கும் பிரிமனை ஒன்றும் இருந்தது. அதில் ‘வய்ர’ என்று தமிழி எழுத்தில் கீறியிருந்தார்கள். நெல்மணிகளை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் கரிமக் காலக்கணிப்புச் செய்தபோது கி.மு. 490 என்று வந்தது. இன்னொரு குழியின் நெல்லுக்குக் கி.மு. 450.

தமிழ் எழுத்தின் வயது பற்றிய பேச்சில் இந்த நெல்லுக்கு இன்று தனி இடம் உண்டு. அந்த இடம் நெல்லால் மட்டும் வந்ததல்ல. கலையாத ஒரே குழிக்குள் நெல்லும் எழுத்தும் சேர்ந்து கிடந்ததால் வந்தது. நெல்லுக்குக் கணித்த வயதை எழுத்துக்கும் சொல்ல முடிந்தது அதனால்தான். 2009-க்கு முன்பு யாரோ ஒருவர் அந்தக் குழியின் மூடுகல்லை நகர்த்தி, பிரிமனையை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு, ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தால்? பிரிமனை ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் இருந்திருக்கும். நெல் மண்ணோடு மண்ணாகியிருக்கும். கி.மு. 490 என்ற எண்ணே பிறந்திருக்காது.

பொருந்தலுக்கு மேலே மலையில் இப்போது அதுதான் நடக்கக் காத்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பழனி மலைத்தொடர் முழுக்கக் கல்திட்டைகள் என்ற பழைய ஈமச்சின்னங்கள் சிதறிக் கிடக்கின்றன. தாண்டிக்குடி, பேத்துப்பாறை, பெருமாள்மலை, பண்ணைக்காடு என்று ஊர்ப் பெயர்களை அடுக்கலாம். மூன்று பக்கம் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை ஏற்றி, சுற்றிலும் கல்லடுக்கிய அமைப்பு அது. தரைக்கு மேல் தெரிந்தால் கல்திட்டை. மண்ணுக்குள் புதைந்திருந்தால் கற்பதுக்கை. தமிழகத்தில் ஊருக்கு ஊர் இவற்றுக்குப் பெயர் மாறும்: பாண்டவர் குழி, வாலியர் வீடு, குள்ளர் வீடு. இறந்தோருக்கான ஈமமுறைகள் ஐந்தை மணிமேகலை சொல்கிறது. தாண்டிக்குடியில் ராஜன் குழு செய்த அகழாய்வும் கல்திட்டை, கற்பதுக்கை, தாழி, வெறும் குழி என்று பலவகை அடக்கங்களை ஒரே ஊரில் காட்டியது.

இவற்றை முதலில் முறையாகப் பதிவு செய்தவர்கள் செண்பகனூர் சேசு சபைக் குருக்கள் இருவர், ஆங்கிலேட் அடிகளாரும் நியூட்டன் அடிகளாரும். பாதையில்லாத மேடுகளில் ஏறி இறங்கி, அளந்து, வரைந்து அவர்கள் எழுதிய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் தன் 36-வது நினைவேடாக வெளியிட்டது. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பெரும்பாலான கல்திட்டைகளுக்கு இன்றும் வேலி இல்லை, பலகை இல்லை, காவலர் இல்லை. காப்பித் தோட்டத்து நடுவிலும் பட்டா நிலத்தின் ஓரத்திலும் பாறைத் திட்டுகளிலும் அவை தனியாக நிற்கின்றன.

கொடைக்கானலின் வழக்கமான ஒருநாள் சுற்றில் பைன் காடு, குணா குகை, தூண் பாறை, ஏரி எல்லாம் அடங்கிவிடும். இரண்டாவது முறை வருகிறவர் புதிதாக ஏதாவது கேட்கிறார். வழிகாட்டிக்கும் ஜீப்காரருக்கும் அது பிழைப்பு. கேட்டதைக் காட்டத்தான் செய்வார்கள். ‘ஐயாயிரம் வருஷத்துச் சமாதி’ என்று சொன்னால் யாருக்குத்தான் போய்ப் பார்க்க ஆசை வராது? அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணே தவறு. தென்னிந்தியப் பெருங்கற்காலச் சின்னங்களில் பெரும்பாலானவை இரும்புக்காலத்தவை, சுமார் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை. ஒவ்வொன்றின் வயதையும் அதனதன் மண்ணைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

மண்ணைக் கேட்பது என்றால் என்ன? கரிமக் காலக்கணிப்புக்குப் பழைய கரியோ, நெல் போன்ற உயிர்ப்பொருளோ வேண்டும். கல்திட்டைக்குள் யாரோ குளிர்காய மூட்டிய நெருப்பின் கரியும், பக்தியோடு கொளுத்திய ஊதுபத்தியின் சாம்பலும் அந்த மண்ணில் இறங்கினால், பழையது எது நேற்றையது எது என்று பிரிப்பது பெரும்பாடு. இன்னொரு முறை, மண்துகள் கடைசியாக எப்போது வெளிச்சம் கண்டது என்று அளப்பது. புதைந்த மணல் தன்மேல் படும் இயற்கைக் கதிர்வீச்சை ஆண்டாண்டாகச் சேர்த்து வைத்திருக்கும். வெளிச்சம் பட்டதும் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர் குச்சியால் கிளறினால் போதும். அவர் எதையும் எடுத்துப் போக வேண்டியதில்லை. மூவாயிரம் ஆண்டு ஓடிய கடிகாரம் அந்த இடத்தில் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

‘அதெல்லாம் காலியான கல்தானே, எப்போதோ அள்ளிப் போய்விட்டார்களே’ என்பது அடிக்கடி கேட்கும் பதில். பாதி உண்மை. புதையல் தேடியவர்கள் பல கல்திட்டைகளின் உள்ளறையைத் தலைமுறைகளுக்கு முன்பே கிண்டிவிட்டார்கள். ஆனால் அவர்கள் தேடியது பொன். கல்வட்டத்துக்கு வெளியே உடைந்து கிடக்கும் கறுப்பு-சிவப்புப் பானை ஓட்டையும், தளக்கல்லின் அடிமண்ணையும் அவர்கள் சீண்டவில்லை. மிச்சம் இருப்பது அந்த விளிம்புதான். சுற்றுலாக்காரர் கார் நிறுத்துவதும், நின்று படம் எடுப்பதும், சாப்பிட்டுக் கை கழுவுவதும் அதே விளிம்பில்.

கல்லுக்கும் ஆபத்து உண்டு. பல கல்திட்டைகள் வெறும் பாறைமேல், அடித்தளக் குழி இல்லாமல், சாய்ந்த பலகைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஆப்பாகச் செருகிய சிறுகல்லும் ஓரத்துக் கல்லடுக்கும் சேர்ந்துதான் அந்த எடையைப் பிடித்திருக்கின்றன. மூடுகல்மேல் நான்கு பேர் ஏறி உட்கார்ந்தாலும், கூடாரத்துக்கு முட்டுக்கொடுக்க ஓரத்துக் கல்லை உருவினாலும் சமநிலை போகும். மழையில் ஊறிப் பகல்வெயிலில் காய்ந்து பல நூற்றாண்டுகள் நின்ற பலகை, உள்ளே ஓடிய விரிசலோடுதான் நிற்கிறது. உடைந்தால் அடியில் நிற்பவர் கதி என்ன என்பதையும் யோசிக்க வேண்டும்.

எகிப்துக்குப் போய் வந்த தமிழர்கள் இன்று நிறைய பேர். செங்கடல் கரையில் விடியும் முன் பஸ் ஏறி, லக்சரில் கர்னாக் கோயிலையும் மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைகளையும் பார்த்துவிட்டு இரவே திரும்பும் ஒருநாள் சுற்று அங்கே பெரிய தொழில். அந்தத் தொழில் எகிப்துக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தைப் பாருங்கள். அரசி நெஃபர்தாரியின் கல்லறை 1904-ல் கண்டுபிடிக்கப்பட்டது. சுவர்ப்பூச்சுக்கு அடியில் உப்பு படிகமாகி ஓவியங்களை உரித்துத் தள்ளியது. 1986 முதல் 1992 வரை கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் எகிப்திய அரசும் சேர்ந்து அதை மீட்டன. 1995-ல் மறுபடி திறந்தபோது நாளுக்கு 150 பேருக்கு மேல் அனுமதி இல்லை. காரணம், மனிதர் விடும் மூச்சு. மூச்சின் ஈரம் உப்பை மறுபடி எழுப்பும். துட்டன்காமன் கல்லறைக்கோ, அச்சு அசலான நகல் ஒன்றையே செய்து 2014-ல் அருகில் திறந்து வைத்தார்கள்.

ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. துட்டன்காமன் கல்லறையை 1922-ல் கண்ட ஹோவர்ட் கார்ட்டர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு எண் போட்டு, இருந்த இடத்திலேயே படமெடுத்து, வெளியே எடுத்து முடிக்கப் பத்தாண்டு ஆனது. நாளைக்கே அங்கே ஒரு சுவர் சிதைந்தாலும் பதிவு இருக்கிறது. நம் மலையில் ஒரு கல்திட்டை சிதைந்தால் பெரும்பாலும் பதிவே இல்லை. எகிப்தில் காவலரும் டிக்கெட்டும் இருந்தே கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. இங்கே இரண்டும் இல்லை.

கூட்டம் எவ்வளவு வேகமாக வரும் என்பதற்குக் கொடைக்கானலே சாட்சி. 2006-ல் குணா குகையில் நடந்த விபத்தை வைத்து 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் வந்தது. அடுத்த சில வாரங்களில் குகைக்கு ஜனம் திரண்டது. தடுப்பைத் தாண்டி உள்ளே போன இளைஞர்கள் கைதானார்கள். அங்கே தடுப்பு இருந்தது, வனத்துறை இருந்தது. அதே ஆண்டு மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவால் மலையேறவே இ-பாஸ் வந்தது. ஆனால் இ-பாஸ் வண்டியைத்தான் எண்ணும். மேலே போனவர் எந்தக் கல்லின்மேல் ஏறினார் என்று அதற்குத் தெரியாது. ஒரே ஒரு ரீல்ஸ், அதோடு வரைபடத்தில் குத்திய ஒரு புள்ளி: ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்த இடம் மறுவாரமே எல்லாருக்கும் தெரிந்துவிடும். சுற்றுலாக்காரரோடு புதையல் தேடுகிறவரும் அந்தப் புள்ளியைப் படிப்பார்.

சட்டம் தெரியாது என்ற பதில் செல்லாது. மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோனால் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. விடுமுறைக்கு வந்து போகும் அயல்நாட்டுத் தமிழர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. குழந்தை பொறுக்கிய ஒரு சூதுபவள மணியும் தொல்பொருள்தான். கொடைக்கானல் வனப்பகுதி 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம்; அனுமதியின்றி உள்ளே போவது தனிக் குற்றம். காட்டுமாடும் யானையும் நடமாடும் காடு அது. மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் வழி தெரியாது. கல்லறைக்குள் பாம்பு ஒதுங்கும்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். பழனிப் பக்கமே இருப்பவர்கள் ஐவர்மலைக்குப் போகலாம். அங்குள்ள சமணச் சிற்பங்களை ஒட்டிய வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, சக ஆண்டு 792-ஐயும் பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டையும் ஒன்றாகச் சொல்கிறது. அதாவது கி.பி. 870. பாண்டியர் வரலாற்றின் காலவரிசைக்கு ஆணி அடித்த வரி அது. அதன்மேல் கைகூட வைக்காதீர்கள். சுண்ணாம்போ எண்ணெயோ பூசுவோரைக் கண்டால் தடுங்கள்.

கல்திட்டைக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, ஊர்க்காரர் ஒருவரோடு, கல்வட்டத்துக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். மழைக்காலம் முடிந்து போகிறீர்கள், சரிவில் மண் அரித்து ஒரு பானையின் விளிம்பு எட்டிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். இழுக்காதீர்கள். சுற்றியுள்ள மண்ணைத் தட்டிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு குடையை வைத்து அளவு தெரியப் படமெடுங்கள். அதை எங்கும் பதிவிடாமல் அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். தமிழி எழுத்தின் வயது பற்றி அறிஞர்களிடையே வாதம் இன்னும் முடியவில்லை; பொருந்தலைப் போலக் கலையாத குழிகள் இன்னும் பல வேண்டும் என்கிறார்கள். அந்தப் பானைக்குள்ளும் நெல் இருக்கலாம்.