அயல்நாட்டு ஆட்களை அமர்த்த அத்தாட்சி பெறும் முறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் புகையிலை, ஆப்பிள், காய்கறி முதலியவற்றைச் சாகுபடி செய்யும் பண்ணைக்காரர் பலருக்கு அறுவடைக் காலத்தில் உள்ளூர் ஆட்கள் போதுமான அளவு கிடைப்பதில்லை. பழுத்த பழமோ ஆளுக்காகக் காத்திராது. ஆகவே பெரும்பாலும் மெக்ஸிகோவிலிருந்து ஆட்களை வருவித்துக்கொள்ளுகின்றனர். 1942 முதல் 1964 வரை 'பிராஸெரோ' என்ற ஏற்பாட்டின்படி இது நடைபெற்றது. இப்பொழுது அமுலில் இருப்பது, 1986-ஆம் வருஷத்துச் சட்டத்தால் வகுக்கப்பட்ட 'எச்-2ஏ' ஏற்பாடாகும்.

உள்ளூரில் ஆள் இல்லையென்று பண்ணைக்காரர் வாயால் சொன்னால் போதாது. வேலை துவங்கும் தேதிக்கு 75 நாட்களுக்கு மேற்படாமலும், 60 நாட்களுக்குக் குறையாமலும் முன்னதாக, வேலையின் தன்மை, காலம், கூலி ஆகிய விவரங்களை மாகாண வேலை நிலையத்தில் அவர் பதிவு செய்யவேண்டும். முன் வருஷம் வேலை செய்த உள்நாட்டு ஆட்களையும் அழைத்துப் பார்க்கவேண்டும். பின்னர், குறைந்தது 45 நாட்களுக்கு முன்பாக மத்திய தொழில் இலாகாவுக்கு மனுச் செய்துகொள்ள வேண்டும். தகுதியுள்ள உள்நாட்டார் கிடைக்கவில்லை என்பதும், அயலார் வருகையால் உள்நாட்டார் கூலி தாழாது என்பதும் இலாகாவுக்குத் திருப்தியானால்தான் அத்தாட்சி வழங்கப்படும். இதன்பொருட்டுக் குறைந்தபட்சக் கூலி விகிதம் ஒன்றும் சர்க்காரால் நிர்ணயிக்கப்படுகிறது.

பண்ணைக்காரர் ஏற்கவேண்டிய பொறுப்புக்கள் இலேசானவை அல்ல. ஆட்களுக்கு வாடகையின்றி வீடு கொடுக்கவேண்டும். அவ்வீடு பரிசோதனைக்கு உட்பட்டது. மூன்று வேளை உணவாவது, இலவசமாகச் சமையல் செய்துகொள்ள வசதியாவது அளிக்கவேண்டும். பாதிக் காலம் வேலை செய்தவனுக்கு வந்த வழிச்செலவையும், முழுக்காலமும் இருந்தவனுக்குத் திரும்பும் செலவையும் தரவேண்டும். ஒப்பந்தத்தில் கண்ட வேலை நேரத்தில் முக்கால் பங்குக்காவது வேலை தருவதாக உறுதி கூறவேண்டும். மழை பெய்து வேலை கெட்டாலும் அந்த அளவுக்குக் கூலி கொடுத்தே தீரவேண்டும். ஒப்பந்தக் காலத்தில் பாதி கழியும்வரை, தகுதியுள்ள உள்நாட்டான் எவன் வந்தாலும் அவனுக்கு வேலை மறுக்கலாகாது.

அத்தாட்சி கைக்கு வந்ததும் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று எண்ணுவது பிசகு. குடியேற்ற இலாகாவுக்குத் தனி மனு அனுப்பவேண்டும். ஆட்கள் தத்தம் தேசத்திலுள்ள அமெரிக்க ஸ்தானிகர் காரியாலயத்தில் அனுமதி பெறவேண்டும்.

ஆள் சேர்க்கும் தரகர் தொழிலாளியிடம் பணம் பறிப்பது விலக்கப்பட்டிருக்கிறது. இவ்விதியே எல்லாவற்றிலும் முக்கியமானது எனலாம். அவனுடைய அனுமதி குறிப்பிட்ட எஜமானரின் வேலைக்கே உரியது. கடன்பட்டு வந்தவனோ அங்கு அநியாயம் நேர்ந்தாலும் வாய் திறக்க அஞ்சுவான். இந்த ஏற்பாட்டின் விதிகளைப் பெரிதும் மீறிய பண்ணைக்காரருக்கு 3 வருஷம் வரையில் அத்தாட்சி மறுக்கப்படலாம்.