தச்சரை அமர்த்துமுன்

பிலிமத்தலாவைக்கு அருகிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தை நேயர்களுட் பலர் கண்டிருப்பீர்கள். கம்பளை அரசர் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது அது. மேள மண்டபத்துத் தூண்களின் செதுக்கு வேலையில் மனம் பறிகொடுப்போர் கூரையை அண்ணாந்து பார்க்க மறந்துவிடுவர். அங்கே 26 கைமரங்களை ஒரே மர ஆணி பிணைத்து நிற்கிறது.

வீட்டுக்கு அலுமாரி செய்விக்கத் தச்சரைத் தேடுவோர் முதலில் நோக்கவேண்டியதும் பொருத்தையே, மெருகை அன்று. அவர் முன்பு செய்து, இரண்டு மழைக்காலம் கண்ட பொருள் எங்கேனும் இருக்கும். அதன் இழுப்பறையை இழுத்துப் பாருங்கள்.

யானும் ஏமாந்தவனே. ஒரு பாஸிடம் (ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் இது) புத்தக அலுமாரிக்கு முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்தேன். பலகை ஈரம் உலராத பலா. வெயிலில் வெடித்தது, மழையில் கதவு மூட மறுத்தது. அவர் பின்னர் வரவேயில்லை. அளவையும் மரத்தையும் எழுதிக்கொள்ளாதது என் பிழை.

இப்பொழுது உயரம், அகலம், மரம், பிணைச்சலும் பூட்டும் யார் செலவு என்பனவற்றை எழுதி, வேலை நடக்க நடக்கப் பணம் கொடுக்கிறேன். சொந்தத் தோட்டத்துப் பலாவாயினும் தறிப்பதற்கு அனுமதி வேண்டும். 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது.

அடுத்த அலுமாரிக்கு வந்த முதியவர் பலகையைத் தட்டிப் பார்த்தார். "அதிபர் ஐயா, இன்னும் மூன்று மாதம் நிழலில் காயட்டும்" என்று கூறி, உளிப்பையைத் திறவாமலே போய்விட்டார். அவரையே மீண்டும் அழைத்தேன்.