ஆத்தா இல்லை, வைரஸ்!

2020 ஐப்பசியில் எங்கள் பசு லட்சுமிக்குக் காய்ச்சல். இரண்டே நாளில் உடம்பெல்லாம் கொட்டைப்பாக்கு மாதிரி கட்டி. "ஆத்தா வந்திருக்கா, ஊசி கீசி போடக்கூடாது" என்று மாமியார் வேப்பிலை அரைத்துப் பூசினார். மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து டாக்டரைக் கூட்டி வந்தேன். (பால் காசில்தானே மகளுக்கு ஸ்கூல் பீஸ்!) "இது தோல் கழலை நோய்ம்மா. இந்தியாவில் 2019-ல் ஒடிசாவில்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. ஈ, கொசு, உண்ணி கடிச்சுப் பரவும், மனுஷங்களுக்கு ஒட்டாது" என்றவர், கட்டியின் பொருக்கைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். காய்ச்சலுக்கு ஊசி போட்டு, தனியாகக் கட்டச் சொன்னார். பக்கத்து வீட்டு மாடுகளுக்கு ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். லட்சுமி பிழைச்சுட்டா, பால்தான் பாதியாச்சு. கன்றுக்குட்டி தப்பவில்லை. இப்போது சாயந்திரமானால் கொசுவுக்கு வேப்பம்புகை போடுவது மாமியார்தான்.

- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்