ஒரே வீட்டுக்கு மூன்று கம்பிகள்

சென்னை கோபாலபுரத்தின் தெரு ஒன்றில் நின்று, வீடுகளுக்குள் நுழையும் கம்பிகளைக் கவனியுங்கள். தொலைபேசிக்காகப் போட்ட செம்புக் கம்பி ஒரு வகை. தொலைக்காட்சிக்காக இழுத்த கேபிள் மற்றொரு வகை. அண்மை ஆண்டுகளில் வந்த கண்ணாடி இழை மூன்றாவது வகை. இம்மூன்றில் எதன் வழியாகவும் இணையம் வரலாம். வீட்டில் இருப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆனால், "இணையத்தில் செல்லும் எல்லாவற்றையும் சமமாக நடத்த வேண்டுமா?" என்று கேட்டால், தொலைபேசி நிறுவனமும் கேபிள் நிறுவனமும் ஒரே விதமாகப் பதில் சொல்வதில்லை. ஏன்?

நடுநிலைமை என்றால் என்ன?

இணையத்தில் எதுவும் முழுதாகப் பயணம் செய்வதில்லை. பாடம், படம், பாட்டு, பேச்சு எல்லாமே சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்புபவர், பெறுபவர் இருவருடைய முகவரிகளும் எண்களாக எழுதப்பட்டிருக்கும். வழியில் உள்ள ரூட்டர் என்னும் கருவிகள் முகவரியைப் படித்து, பொட்டலத்தை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுகின்றன. அனுப்பியவர் யார், அவர் பணம் கொடுத்தாரா என்று பார்த்து ஒன்றை விரைவாகவும் மற்றொன்றைத் தாமதமாகவும் அனுப்பக் கூடாது. ஒன்றை இலவசமாகவும் மற்றொன்றைக் கட்டணத்துக்கும் தரக் கூடாது. இதுவே இணைய நடுநிலைமை. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003-இல் எழுதிய கட்டுரையால் இச்சொல் பரவியது.

கம்பிகளின் இயல்பு

தொலைபேசிக் கம்பி ஒன்றையொன்று முறுக்கிய இரு செம்பு இழைகள். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே ஓர் இணை உண்டு. மனிதக் குரலுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று கருதி அமைக்கப்பட்டது அது. பிற்காலத்தில் அதே கம்பியில் உயர்ந்த அதிர்வெண்களைச் செலுத்தி இணையத்தைக் கொடுத்தார்கள். ஆனால், எக்ஸ்சேஞ்ச் தொலைவாக இருந்தால் உயர் அதிர்வெண்கள் வழியிலேயே தேய்ந்துவிடும், வேகம் குறையும்.

கேபிளின் கதை வேறு. நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி மின்கடத்தாப் பொருள், அதற்கும் மேலே உலோக உறை. இந்த அமைப்பு பல நூறு மெகாஹெர்ட்ஸ் வரை அலைகளைத் தாங்கும். ஆனால் அது தெருவுக்கே பொதுவானது. ஒரு தொலைக்காட்சிச் சேனலுக்குரிய 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தை இணையத்துக்கு ஒதுக்கினால் நொடிக்குச் சுமார் 50 மெகாபிட் கிடைக்கும். அதை அந்தப் பகுதியின் வீடுகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு எல்லா வீடுகளிலும் படம் பார்த்தால் கேபிள் இணையம் தள்ளாடுவது இதனால்தான்.

ஒரு சிறு கணக்கு

பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் வேண்டும் எனக் கொள்வோம். ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.48 மெகாபைட். இரு பக்கமும் பேசினால் ஏறக்குறைய 1 மெகாபைட். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தாலோ 2,250 மெகாபைட். அதாவது, ஒரு மணி நேரப் படத்தின் சுமையில் 37 மணி நேரத்துக்கும் மேலாகப் பேசலாம்.

இப்போது இரு நிறுவனங்களின் மனநிலையும் விளங்கும். இணையவழிப் பேச்சு தொலைபேசி நிறுவனத்தின் கம்பிக்குப் பெரிய பாரமே அன்று. ஆனால், நிமிடக் கணக்கில் விற்றுவந்த பேச்சையே அது பறித்துக்கொள்கிறது. கேபிள் நிறுவனத்துக்குப் பேச்சைப் பற்றிக் கவலையில்லை. அதன் கவலை படம். படம் பாரமும் ஆகும். அதன் சேனல் வியாபாரத்துக்குப் போட்டியும் ஆகும்.

நம் நாட்டில் நடந்தது

2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணையவழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே கைவிட்டது. 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மக்களின் கருத்தைக் கேட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அதே ஆண்டில் பேஸ்புக், தான் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஆதரவு திரட்டியது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தில் வேறுபாடு காட்டுவதை டிராய் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு ரூ.50,000 அபராதம், உச்சவரம்பு ரூ.50 லட்சம். வேகத்திலும் பாகுபாடு கூடாது என்னும் பரிந்துரைகளை மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்றது.

கேபிள் தொலைக்காட்சியில் நிலைமை நேர்மாறானது. பழைய முறையில் கேபிளில் இடம் குறைவு, சேனல்களோ மிகுதி. பழைய பெட்டிகளில் தெளிவாகத் தெரியும் இடங்களுக்குப் போட்டி இருந்தது. ஆகவே, இடம் பிடிக்கச் சேனல்கள் கேபிள் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தன. டிராய் இதைத் தடை செய்யவில்லை. 2017-இல் சாதாரணச் சேனலுக்குச் சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் 20 பைசா என உச்சவரம்பு மட்டும் விதித்தது. ஒரே கேபிளில் சேனலாக வந்தால் பாதைக் கட்டணம் வாங்கலாம். அதே நிகழ்ச்சி இணையமாக வந்தால் வாங்கக் கூடாது!

அமெரிக்காவில் இந்த வேறுபாடு நீதிமன்றத்திலேயே வெளிப்பட்டது. கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் 2007-இல் கோப்புப் பரிமாற்றங்களைத் தடுத்து மாட்டிக்கொண்டது. ஆயினும், என்பிசி யுனிவர்சலை வாங்கும் அனுமதிக்காக நடுநிலைமை விதிகளுக்குக் கட்டுப்படுவதாக 2011-இல் ஒப்புக்கொண்டது. தொலைபேசி வழிவந்த வெரிசானோ அவ்விதிகளை எதிர்த்து வழக்காடி 2014-இல் வென்றது. பின்னர் விதிகள் மீண்டும் வந்தன, போயின. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றை மறுபடியும் நீக்கியது.

எது நியாயம்?

எல்லாப் பொட்டலங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. மின்னஞ்சல் இரண்டு நொடி தாமதித்தால் குற்றமில்லை. பேச்சு அரை நொடி தாமதித்தாலும் உரையாடல் குலையும். எனவே நெரிசல் நேரத்தில் பேச்சுக்கு முதலிடம் தருவது பொறியியல். எல்லோருடைய பேச்சையும் விட்டு ஒரு நிறுவனத்தின் பேச்சுக்கு மட்டும் முதலிடம் தருவது வியாபாரம். இந்திய விதிகள் முன்னதை நியாயமான போக்குவரத்து மேலாண்மை என அனுமதிக்கின்றன, பின்னதைத் தடுக்கின்றன.

2023-இல் கருத்துக் கேட்பு மீண்டும் தொடங்கியபோது, பெரும் இணைய நிறுவனங்கள் கம்பிச் செலவில் பங்கு தர வேண்டும் என்று தொலைபேசி நிறுவனங்கள் கேட்டன. கம்பி போடச் செலவாகிறது என்பது உண்மை. அச்செலவுக்காகவே நாம் மாதச் சந்தா கட்டுகிறோம் என்பதும் உண்மை. அனுப்புபவரிடமும் வாங்கத் தொடங்கினால் பெரிய நிறுவனம் கொடுத்துவிடும். தமிழில் இயற்பியல் பாடங்களைத் தளத்தில் இடும் கிராமத்து ஆசிரியர் எங்கே போவார்? அவருடைய பொட்டலமும் இன்று பெரிய நிறுவனத்தின் பொட்டலத்துக்குச் சமமாகவே உங்கள் வீட்டுக்கு வருகிறது. இந்தச் சமத்துவம் கம்பியின் இயல்பால் வந்ததன்று, விதியால் வந்தது. விதியை மாற்றலாம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.