நடுத்தர வயதில் குடும்பத்துக்கு ஒரு கார்



ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார் அல்லது கிராணியின் கார். நம் மக்கள் பட்டணத்துக்குப் போவதானால் தோட்டத்து லாரி, பஸ், சைக்கிள் இவற்றையே நம்பியிருந்தார்கள். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994-இல் பெரோடுவா நிறுவனத்தின் காஞ்சில், 660 சி.சி. இயந்திரத்தோடு சாலைக்கு வந்தது. 2005-இல் மைவி வந்தது. இந்த மூன்று கார்களும் சாதாரணக் குடும்பங்களுக்குக் காரை எட்டும் பொருளாக்கின. இன்று லயத்து வீடுகளின் முன்னும் கார் நிற்கிறது. அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் வாசலில் நிற்கும் அதே கார் சில வீடுகளில் பிள்ளைகளின் படிப்புப் பணத்தைத் தின்றுவிடுவதும் உண்டு. ஆகவே, நாற்பதைத் தாண்டிய ஒரு குடும்பத் தலைவர் கார் வாங்கும்போது எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேசுவோம். வீட்டில் ஒரு காகிதமும் பென்சிலும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிறிது கணக்கும் போட வேண்டியிருக்கும்.

இளைஞன் கார் வாங்குவதற்கும் நாற்பத்தாறு வயதுக்காரர் கார் வாங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. இளைஞனுக்குச் சம்பாதிக்கும் ஆண்டுகள் நிறைய இருக்கின்றன. நடுத்தர வயதுக்காரருக்கோ ஒரு பக்கம் வயதான தாய் தந்தையர், மறுபக்கம் படிக்கும் பிள்ளைகள், எதிரே ஓய்வு பெறும் வயது. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று ஆகியிருக்கிறது. ஆனால் பால் வெட்டுகிறவருக்கும் செம்பனைக் குலை அறுக்கிறவருக்கும் உடம்பு அறுபது வரை ஒரே மாதிரி ஒத்துழைக்கும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? 48 வயதில் 9 ஆண்டுத் தவணையில் கார் எடுத்தால் கடன் முடியும்போது வயது 57. தோள்வலியும் முழங்கால்வலியும் வரும் காலத்திலும் மாதத் தவணை நிற்காது.

முதல் கேள்வி: இந்தக் கார் எதற்கு? ஒரு வாரத்தில் யார், எங்கே, எத்தனை மைல் போகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது, பாட்டியை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது, வாரம் ஒரு முறை சாமான் வாங்குவது. பெரும்பாலான வீடுகளில் பட்டியல் இதோடு முடிந்துவிடும். "தைப்பூசத்துக்குப் பத்து மலை போக வேண்டும், சொந்தக்காரர்களையும் ஏற்ற வேண்டும், ஏழு பேர் உட்காரும் வண்டிதான் வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். தைப்பூசம் ஆண்டுக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளைக்கு வேன் அமர்த்திக்கொள்ளலாம். மற்ற 364 நாளும் இரண்டு காலி இருக்கைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் செலவழிப்பது ஏன்? வீட்டில் உண்மையாகவே ஆறேழு பேர் இருந்தால் பெரிய வண்டி தேவைதான். ஐந்து பேர் ஏறும் காரில் எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு போவது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து.

இரண்டாவது கேள்வி: மாதம் எவ்வளவு போகும்? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அவர்கள் தவணையை மட்டும் பார்க்கிறார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுத கதை ஆகிவிடுகிறது.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் வேலை செய்கிறார்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. இருவருக்கும் அந்தச் சம்பளமே என்றால் 3,400 வெள்ளி. ஊழியர் சேமநிதி முதலிய பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 3,000 வெள்ளி. இவர்கள் 40,000 வெள்ளி கடனில், 9 ஆண்டுத் தவணையில் ஒரு கார் எடுக்கிறார்கள். வட்டி ஆண்டுக்கு 3.5 விழுக்காடு என்று விற்பனையாளர் சொல்கிறார்.

நம் நாட்டில் பல்லாண்டுக் காலமாகக் கார்க் கடனுக்கு வட்டி போடும் முறை ஒன்று வழக்கத்தில் இருந்து வந்திருக்கிறது. முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி ஆண்டு வரையில் வட்டி போடுவதே அந்த முறை. நீங்கள் மாதாமாதம் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி குறையாது. கணக்கைப் பாருங்கள். 40,000-க்கு 3.5 விழுக்காடு, ஆண்டுக்கு 1,400 வெள்ளி. 9 ஆண்டுக்கு 12,600 வெள்ளி. மொத்தம் 52,600 வெள்ளி. இதை 108 மாதத்தால் வகுத்தால் மாதம் 487 வெள்ளி. குறைந்துகொண்டே வரும் கடனுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால், இந்த 3.5 விழுக்காடு உண்மையில் 6 விழுக்காட்டுக்கும் மேலே போகிறது. இதே கடனை 5 ஆண்டில் கட்டினால் வட்டி 7,000 வெள்ளிதான். ஆனால் மாதத் தவணை 783 வெள்ளி. தவணை சிறிதாக இருக்கிறதே என்று நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுத்தால் 5,600 வெள்ளி கூடுதலாகக் கட்டுகிறோம். ஆகவே கையெழுத்துப் போடுமுன், "என் ஒப்பந்தத்தில் வட்டி எந்த முறையில் கணக்கிடப்படுகிறது? கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்று கேட்டு, அந்தத் தொகையைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.

இனி மற்றச் செலவுகள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 67 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 2 வெள்ளி என்று வைத்தால் 134 வெள்ளி. காப்புறுதிக்கும் சாலை வரிக்கும் ஆண்டுக்கு 780 வெள்ளி என்று கொண்டால் மாதம் 65 வெள்ளி. எண்ணெய் மாற்ற, டயர், பேட்டரி வாங்க மாதம் 100 வெள்ளி ஒதுக்க வேண்டும். தவணையோடு எல்லாம் சேர்த்து 786 வெள்ளி. அதாவது கைக்கு வரும் ஒவ்வொரு நான்கு வெள்ளியிலும் ஒரு வெள்ளிக்கு மேல் காருக்கே போகிறது. பிள்ளை கல்லூரிக்குப் போகும் ஆண்டில் இது தாங்குமா? இதே குடும்பம் 20,000 வெள்ளி கடனில் நல்ல பழைய காரை எடுத்து, 4 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டு கட்டினால் மாதம் 400 வெள்ளிதான். 46 வயதில் தொடங்கிய கடன் 51 வயதில் முடிந்துவிடும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இயந்திரத்தின் அளவையும் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் காருக்கு 1,000 சி.சி. வரை சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளி. 1,200 வரை 55 வெள்ளி, 1,400 வரை 70 வெள்ளி, 1,600 வரை 90 வெள்ளி. அதைத் தாண்டி 1,800 சி.சி. என்றால் 280 வெள்ளி. காப்புறுதியில் இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குத் தள்ளுபடி உண்டு. அது முதலாண்டுக்குப் பின் 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்தாண்டுக்குப் பின் 55 விழுக்காடு வரை உயரும். எனவே சின்னக் கீறலுக்கெல்லாம் இழப்பீடு கேட்கப் போகுமுன், பழுது பார்க்கும் செலவையும் இழக்கப்போகும் தள்ளுபடியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளச் சேதத்துக்கான பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றோரத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

மூன்றாவதாகச் சட்டம். 1967-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம் நமக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. குறைந்தது பத்தில் ஒரு பங்கு முன்பணம் கட்ட வேண்டும். "முன்பணமே வேண்டாம்" என்று ஆசை காட்டுகிறவர் அந்தப் பணத்தை வேறெங்கோ விலையில் ஏற்றியிருப்பார். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் வண்டியைப் பறிக்கும் நடவடிக்கை தொடங்கலாம். அதற்கும் முன்னதாக எழுத்து மூலம் 21 நாள் அவகாசம் தர வேண்டும். கடிதம் வந்தால் பயந்து மறைக்காதீர்கள். அந்த 21 நாளுக்குள் நேரே போய்ப் பேசுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் மக்களிடையே, ஒருவர் பெயரில் உள்ள காரை வாங்கிக்கொண்டு அவருடைய தவணையை இன்னொருவர் கட்டும் பழக்கம் இருக்கிறது. 'சம்போங் பாயார்' என்பார்கள். கடன் கொடுத்தவரின் சம்மதமின்றி இதைச் செய்தால் பணம் கட்டுகிறவருக்குக் காரின் மேல் எந்த உரிமையும் இல்லை. மூன்றாண்டு கட்டிய பிறகும் கார் கைவிட்டுப் போகலாம். பெயர் கொடுத்தவருக்கோ மற்றவர் கட்டாத கடன் தலையில் விழும். அபராதக் கடிதங்களும் அவர் வீட்டுக்கே வரும். அண்ணன் தம்பியானாலும், மாமன் மச்சானானாலும், காருக்காகப் பெயரைக் கடன் கொடுக்காதீர்கள். ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்ற வாக்குறுதி அது.

நான்காவதாக, பழைய கார் வாங்கும் முறை. தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் போங்கள். கிராண்டில் உள்ள இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று பாருங்கள். அந்தக் கார் இன்னும் கடனில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓடிய தூரம் குறைவாகக் காட்டுகிறது. ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த பெருவெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய காரைக் கழுவித் துடைத்து விற்பவர்களும் உண்டு. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை உள்ளே தெரியும். இருக்கையின் அடிக் கம்பியிலும், மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். புழுங்கல் வாடையை வாசனைத் திரவியத்தால் முழுவதும் மறைக்க முடியாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1022 என்றால் 2022-ஆம் ஆண்டின் பத்தாவது வாரத்தில் செய்தது என்று பொருள்.

கடைசியாக நம் உடம்பும் நம் சாலையும். கார் பார்க்கப் போகும்போது வீட்டில் உள்ள பாட்டியையும் அழைத்துப் போங்கள். முழங்கால் வலி உள்ளவர் சேலை கட்டிக்கொண்டு எளிதாக ஏறி இறங்குகிறாரா? இருக்கை மிகத் தாழ்வாக இருந்தால் எழுந்திருக்க இருவர் கை கொடுக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு வேகமானியின் எண்கள் கண்ணாடி இல்லாமலே தெரிகின்றனவா? பின்பெட்டியில் ஒரு கேஸ் தோம்பும் அரிசிப் பையும் அடங்குமா? செம்மண் சாலையில் கல்லும் குழியும் இருப்பதால் அடிப்பாகம் தாழ்ந்த காரும், அழகுக்காகத் தாழ்த்திய காரும் நமக்கு ஆகாது. புழுதி அதிகம் என்பதால் காற்று வடிகட்டியை மற்றவர்களைவிட அடிக்கடி மாற்ற வேண்டும். பக்கத்துப் பட்டணத்துப் பட்டறையில் உதிரிப்பாகம் கிடைக்கும் காராகவும் இருக்கட்டும். வெளிநாட்டுப் பழைய கார் மலிவாகத் தோன்றும். ஒரு பாகத்துக்காக இரண்டு வாரம் நின்றுவிட்டால் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போவார்கள்?

ஒலிபெருக்கிக்கும் பளபளக்கும் சக்கரத்துக்கும் செலவழிப்பதைவிடக் காற்றுப் பைகளுக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்குக்கும் செலவழிப்பது மேல். 2011-இல் தொடங்கப்பட்ட ஆசியான் கார்ப் பாதுகாப்பு மதிப்பீட்டுத் திட்டம் கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் வழங்குகிறது. எத்தனை நட்சத்திரம் என்று கேளுங்கள். பின்னிருக்கையிலும் பட்டை அணிய வேண்டும் என்பது 2009 முதல் சட்டம். குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது 2020 முதல் சட்டம். தாயின் மடி பாசமான இடம்தான். ஆனால் மோதும் நேரத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது.

நேயர்களே, எழுதிய காகிதத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். வளர்ந்த பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே ஒரு சோதனை செய்யலாம். கார் வாங்குமுன் ஆறு மாதம், அந்த 786 வெள்ளியோ உங்கள் கணக்கில் வரும் தொகையோ எவ்வளவோ, அதை மாதாமாதம் வங்கியில் போட்டுப் பாருங்கள். கை கடிக்காமல் போட முடிந்தால் கார் உங்களால் தாங்கக்கூடியது. சேர்ந்த பணம் முன்பணமாகவும் ஆகும். போட முடியவில்லை என்றால், கடன் பத்திரத்தில் கையெழுத்திடாமலே உண்மை தெரிந்துவிட்டது. சிறிய காரைப் பாருங்கள், அல்லது இன்னும் ஓராண்டு பொறுங்கள். பாட்டியை மருத்துவமனைக்கும் பிள்ளையைப் பள்ளிக்கும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்து, மாதக் கடைசியில் அடுப்பையும் எரிய விடுகிற காரே நல்ல கார்.