தழும்பைத் தட்டித் தளர்த்தும் அலை

தீக்காயம் ஆறியதும் கஷ்டம் தீர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். தழும்பு தன் வேலையைக் காட்டுவது அதற்குப் பிறகுதான். புதுச்சேரியின் பாகூர் பக்கம் நாற்று நடும் ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டில் தழும்பு விழுந்தால், கட்டைவிரலால் நாற்றைச் சேற்றில் ஊன்றும்போதெல்லாம் தோல் பின்னுக்கு இழுக்கும். ஆழமாக வெந்த இடத்தில் வியர்வைச் சுரப்பி மிஞ்சாது. வெயில் ஏற ஏற அந்த இடம் காந்தும். ராத்திரி அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கும்.

நல்ல தோலில் கொலாஜன் நார்கள் கோரைப்பாய் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். தழும்பிலோ கட்டுக்கட்டாக ஒரே பக்கம் அடைந்துகிடக்கும். சுருங்கும் தன்மையுள்ள செல்கள் அவற்றை மேலும் இழுத்துப் பிடிக்கும்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் ஷாக் வேவ் சிகிச்சை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், உடம்பில் கரண்ட் பாய்வதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஏறி இறங்கும் அழுத்த அலை இது. இடையில் காற்று இருந்தால் அலை உள்ளே போகாது. அதனால் தோலில் ஜெல் தடவி, கருவியின் தலையை வைத்து அழுத்துவார்கள். டக், டக் என்று அடி விழும்.

1980 பிப்ரவரி 7 அன்று மூனிச் நகரில் கிறிஸ்டியன் சவுசி என்ற மருத்துவரும் அவர் குழுவும் இதே அலையால் ஒருவரின் சிறுநீரகக் கல்லைக் கத்தியின்றி உடைத்தார்கள். கருவியைச் செய்தது டோர்னியர் விமான நிறுவனம். பிற்பாடு குதிகால் வலிக்கும் இது வந்தது. தழும்புக்கு அவ்வளவு வீரியம் தேவையில்லை. இங்கே எதையும் உடைப்பதில்லை; செல்கள் அந்தத் தட்டலை உணர்ந்து கொலாஜனைக் கொட்டுவதைக் குறைக்கின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன.

2016இல் வெளியான ஆய்வொன்றில், தென்கொரியாவின் சியோலில் தீக்காய நோயாளிகள் 40 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ அலை, மீதிப் பேருக்குப் பாவனை மட்டும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். நிஜ அலை பெற்றவர்களுக்குத் தழும்பு வலி தெளிவாகக் குறைந்தது. அரிப்பும் குறைவதாக அடுத்தடுத்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் 40 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இதை நான் துணைச் சிகிச்சையாக மட்டுமே பார்க்கிறேன்.

மூட்டை நீட்டி மடக்கும் பயிற்சி, இறுக்க உடை, சிலிக்கான் ஜெல் ஆகியவற்றை இதற்காக நிறுத்தவே கூடாது. மூட்டு அடியோடு ஒட்டிக்கொண்டால் அறுவை சிகிச்சைதான் வழி. வில்லியனூர், பாகூர்க்காரர்களுக்குக் கோரிமேட்டு ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. தழும்பு சிவந்து தடித்திருக்கும் முதல் மாதங்களிலேயே போய்க் காட்ட வேண்டும். கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இந்த அலை ஆகாது.