பத்து வெள்ளிப் பங்கும் ஒரு முறுக்குப் பொட்டலமும்

நம் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான்களிலும் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. கோயில் நிர்வாகக் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம், மாதர் பிரிவு, இளைஞர் மன்றம் என்று ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றில் பொறுப்பில் இருப்பார். இவற்றுக்குக் கைகொடுக்க இப்பொழுது பலர் வருகிறார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் வருகிறார்கள். அறவாரியத்தினர் வருகிறார்கள். "உங்கள் பொருளை எப்படி விற்பது என்று சொல்லித் தருகிறோம், சங்கத்தை எப்படி நடத்துவது என்று ஆலோசனை தருகிறோம்" என்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அவர்கள் திரும்பிப் போன பிறகு நம் கையில் மிஞ்சுவது என்ன? இதைத்தான் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

நிலம் துண்டானபோது

ஆலோசனையும் விற்பனையும் நமக்குப் புதிய சங்கதிகள் அல்ல. நம் பாட்டன் பாட்டிகள் காலத்திலேயே மிகப் பெரிய அளவில் அது நடந்திருக்கிறது.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் தோட்டத்தை முழுதாக வைத்துக்கொள்ளவில்லை. துண்டு துண்டாக வெட்டி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று மறுபடியும் விற்றார்கள். துண்டு நிலத்தை வாங்கியவருக்கு முழுத் தோட்டத்து ஆட்கள் எதற்கு? வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. மருந்துக் கொட்டகை, பிள்ளைமடுவம், சில இடங்களில் தமிழ்ப்பள்ளிக்கூடம் எல்லாமே தோட்டத்தோடு ஒட்டியிருந்தவைதாமே! இந்தத் துண்டாடலைப் பற்றி 1951 முதல் 1960 வரையிலான நிலவரத்தை ஆராய்ந்து எழுதியவர் பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஸிஸ் அவர்கள்.

அப்போது துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் முன்வைத்த யோசனை மிக எளிமையானது. தோட்டத்தை யாரோ வாங்கித் துண்டு போடுவதற்கு முன், தொழிலாளர்களே சேர்ந்து வாங்கிவிட்டால் என்ன? 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆகலாம் என்றார்கள்.

இன்று 10 வெள்ளி என்றால் இரண்டு பேர் காலையில் பசியாறுவதற்குக்கூடப் பற்றாது. அன்று நாள் கூலியே சில வெள்ளிதான். மூன்று நான்கு நாள் பால்மரம் சீவிய கூலியை, கண்ணால் காணாத ஒரு தோட்டத்துக்காகக் கொடுக்கச் சொன்னால் யார் கொடுப்பார்கள்? இதை ஒரு விளம்பரத் துண்டு அச்சடித்து முடித்திருக்க முடியாது. அமைச்சராக இருந்த சம்பந்தனும், அவரோடு சங்கத்தைக் கட்டி எழுப்பிய கே. ஆர். சோமசுந்தரமும் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். தொழிலாளர்களுக்கு முன்னால் நின்று, அவர்கள் பேசும் தமிழில் பேசினார்கள். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதுதான் முதல் தோட்டம். அதன் பிறகு பங்கு கட்டச் சொல்லிக் கேட்க வேண்டிய சிரமம் குறைந்திருக்கும் என்பது என் ஊகம். "அதோ, அது நம்முடையது" என்று கை காட்ட ஒரு தோட்டம் இருந்ததே!

அங்கே விற்கப்பட்ட சரக்கு எது என்பதைக் கவனியுங்கள். அவர்கள் சோப்பு விற்கவில்லை, நகை விற்கவில்லை. பங்கை விற்றார்கள். வாங்கியவன் அத்தோடு கணக்கு முடிந்து போகிற வாடிக்கைக்காரன் அல்ல. கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை உள்ள உறுப்பினன் ஆனான். கூட்டுறவில் ஒருவரிடம் எத்தனை பங்கு இருந்தாலும் வாக்கு ஒன்றுதான். சம்பந்தன் 1979இல் மறைந்தார். யோசனை சொன்னவர் போய்விட்டார். சங்கம் இன்றும் இருக்கிறது.

மேலே சொன்ன உங்கு அஸிஸைப் பற்றி இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கிராமத்து மலாய்க்காரர்கள் மக்கா பயணத்துக்காகக் காசைத் தலையணையிலும் பாயின் அடியிலும் ஒளித்து வைப்பதையும், கடைசியில் நிலத்தையும் மாட்டையும் விற்றுப் போய்த் திரும்பி வந்து ஏழைகளாக நிற்பதையும் அவர் கவனித்தார். வட்டி வாங்குவது மார்க்கத்துக்கு ஆகாது என்பதால் அவர்கள் வங்கிப் பக்கம் போகவில்லை. 1959இல் அவர் எழுதிக் கொடுத்த திட்டத்திலிருந்துதான் 1963இல் ஹஜ் சேமிப்பு நிறுவனம் வேலையைத் தொடங்கியது. முதலில் மக்களின் பழக்கத்தைப் பார்த்தார், யோசனையைப் பிறகு சொன்னார்.

கணக்கில் வராத கைகள்

இனி நம் காலத்துக்கு வருவோம். எங்கள் பள்ளியின் தாய்மார்கள் சிலர், புத்தகத்துக்கும் சுற்றுலாவுக்கும் காசு சேர்ப்பதற்காக முறுக்கு சுட்டு விற்றார்கள். ஒரு பருவத்துக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதை தெரிந்தவர்கள். வந்த வாரமே முறுக்குக்கு ஒரு பெயர், ஒரு சின்னம், பளபளப்பான பை எல்லாம் வரைந்து காட்டினார்கள். தாய்மார்களுக்கு வாயெல்லாம் பல்.

அவர்களில் ஒரு மாணவி மட்டும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். மாவு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். அந்தக் கணக்கு இதோ. ஒரு முறை சுட்டால் 40 பொட்டலம். பொட்டலம் 3 வெள்ளி. வரவு 120 வெள்ளி. மாவு, எண்ணெய், எள், ஓமம் எல்லாம் 62 வெள்ளி. கேஸ் 6. பையும் லேபிளும் 8. பாசார் மாலாமுக்குக் கொண்டு போய்வர 10. ஆகச் செலவு 86. மிச்சம் 34 வெள்ளி.

"முப்பத்து நாலு வெள்ளி லாபம்தானே தங்கச்சி" என்றார்கள் தாய்மார்கள்.

"எத்தனை பேர் வேலை செஞ்சீங்க, எத்தனை மணி நேரம்?" என்று கேட்டாள் அவள்.

நான்கு பேர், ஆறு மணி நேரம். மொத்தம் 24 மணி. 34 வெள்ளியை 24ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 1 வெள்ளி 42 காசு வருகிறது. 2025 பிப்ரவரியில் அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி; மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அடுப்படியில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

"பள்ளிக்கூடத்துக்காகச் செய்யறோம், இதுக்குக் கூலி எதுக்கு?" என்றார் ஒரு பாட்டி. அந்தப் பெரிய மனசுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனாலும் கணக்கில் எழுதத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். கூலியை வாங்கிக்கொள்வதும் சங்கத்துக்கே விட்டுக்கொடுப்பதும் அவரவர் விருப்பம். எழுதாமல் விட்டால், விட்டுக்கொடுத்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும். அடுத்த ஆண்டு அந்தத் தாய்மார்கள் களைத்து ஒதுங்கும்போது, "லாபம் வந்த தொழிலை ஏன் விட்டார்கள்?" என்று கமிட்டியில் கேட்பார்கள்.

மறுபடியும் கணக்குப் போட்டார்கள். பாசார் மாலாமில் விற்காமல் திரும்பி வந்த பொட்டலங்கள் இருந்தன. அதனால் தீபாவளிக்கு முன்கூட்டியே ஆர்டர் எடுத்து, எடுத்த அளவுக்கு மட்டும் சுடுவது என்று முடிவு செய்தார்கள். விலை 4 வெள்ளி. நான்கு பேர் எட்டு மணி நேரத்தில் 80 பொட்டலம். செலவு 160, வரவு 320. மிச்சம் 160 வெள்ளி, 32 மணி வேலை. மணிக்கு 5 வெள்ளி. இன்னும் சம்பளத்தை எட்டவில்லைதான். ஆனால் இப்பொழுது எங்கே நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். பளபளப்புப் பையை வேண்டாம் என்று சொன்னவர்களும் அவர்களே. ஒரு பைக்கு எத்தனை காசு என்று கேட்கப் பழகிவிட்டார்கள்!

லேபிளில் யாருடைய எண்?

பருவம் முடிந்தது. மாணவர்கள் தேநீர் விருந்தில் படம் பிடித்துக்கொண்டு விடைபெற்றார்கள். அடுத்த தீபாவளி நெருங்கியபோது ஆர்டர் ஒன்றையும் காணோம். விசாரித்துப் பார்த்தால், லேபிளில் அச்சடித்த கைப்பேசி எண் ஒரு மாணவருடையது. அவர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார். முகநூல் பக்கத்தின் கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலும் அவர் கணினியில். தாய்மார்களிடம் மிஞ்சியது முறுக்கு அச்சு ஒன்றுதான்.

அந்தப் பிள்ளை கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கேட்டதும் மறுநாளே எல்லாவற்றையும் அனுப்பி வைத்தார். ஆனாலும் தீபாவளிக்கு இரண்டே வாரம் இருந்தது. அந்த ஆண்டு 80 பொட்டலம் விற்க வேண்டிய இடத்தில் பாதிகூட விற்கவில்லை.

ஆகவே உங்கள் சங்கத்துக்கு உதவி செய்ய யார் வந்தாலும், முதல் நாளே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். லேபிளில் போடப் போவது யாருடைய எண்? வாங்குகிறவர்களின் பட்டியல் யார் நோட்டில் இருக்கும்? நீங்கள் போன பிறகு இந்தக் கணக்கை எங்களில் யார் எழுதப் போகிறார்? அவருக்கு இப்போதே கற்றுக் கொடுப்பீர்களா?

சட்ட சம்பந்தமாகவும் ஒன்றிரண்டு. உள்ளூரில் பொட்டலம் கட்டி விற்கும் உணவுக்கு லேபிள் மலாய் மொழியில் இருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டு உணவு விதிகளின்படி பொருளின் பெயர், சேர்மானங்கள், எடை, தயாரிப்பவரின் பெயர், முகவரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். உணவைக் கையாளுகிறவர்கள் அதற்குரிய பயிற்சிக்குப் போய், டைபாய்டு ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் செய்து கொடுக்க ஆலோசகர்கள் நன்றாகவே உதவுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

வியாபாரத்தைப் பதிவு செய்வதில்தான் கவனம் தேவை. எளிது என்பதற்காக யாராவது ஒருவர் பெயரில் பதிவு செய்துவிடுகிறார்கள். தனியொருவர் பெயரில் பதிந்தால் சட்டப்படி அந்த வியாபாரம் அவருடையது. பத்துப் பேர் அடுப்பில் வெந்தாலும் அப்படித்தான். எல்லோருக்கும் சொந்தமாக வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கமாக அமைக்கலாம். 1993ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. 2008 முதல் மலேசியக் கூட்டுறவு ஆணையம் அதைக் கவனித்து வருகிறது. "நாங்கள்தான் கூட்டுக் கட்டிப் பழகியவர்களாச்சே, நமக்குள் எழுத்து எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கூட்டுப் பணத்தை 1971லேயே சட்டம் தடை செய்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். கூட்டுத் தாயார் ஓடிப்போன கதை எந்தத் தோட்டத்தில்தான் இல்லை?

எங்கள் தாய்மார்கள் இப்பொழுது இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும்படி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். புதிய லேபிளில் இருப்பது செயலாளர் அம்மாவின் எண். ஆர்டர் நோட்டு ஒன்று பள்ளியில், அதன் பிரதி பொருளாளர் வீட்டில். கடைசிப் பத்தியில் "வேலை மணி" என்று தலைப்பு. வட்டெழுத்து மாதிரி கோணல் மாணலாக எழுதுகிறார்கள், ஆனால் ஒரு நாள்கூட விடுவதில்லை.